பெயர் சொல்லி மன்றாடுவோம்



நவம்பர் பிறந்துவிட்டால் நம் கல்லறைத் தோட்டங்களில் ஆள் நடமாட்டம் கூடிவிடும். புல் செதுக்குகிறோம், சுண்ணாம்பு அடிக்கிறோம், பூமாலையும் மெழுகுதிரியும் வைக்கிறோம். இறந்தோரின் பெயர்களைத் தாளில் எழுதிக் கொடுத்துத் திருப்பலியில் வாசிக்கக் கேட்கிறோம். தாத்தாவின் பெயர் விடுபட்டுப்போனால், பூசை முடிந்ததும் பங்கு இல்லத்துக்கு வந்து ஏன் வாசிக்கவில்லை என்று கேட்கிறவர்களும் நம்மிடையே உண்டு. கேட்பது நியாயமே. பெயரைச் சொல்லி மன்றாடுவது திருச்சபையின் தொன்மையான பழக்கம்.

இதே மாதம் 11-ஆம் நாள் தூர் நகர் புனித மார்ட்டினின் திருநாள். அவர் உரோமைப் படையில் வீரராக இருந்தவர். குளிரில் நடுங்கிய ஏழை ஒருவருக்குத் தம் மேலாடையை வாளால் வெட்டிப் பாதியைக் கொடுத்தவர். 1918-ஆம் ஆண்டில் அதே நவம்பர் 11 அன்று முற்பகல் 11 மணிக்குத்தான் முதல் உலகப்போரை நிறுத்தும் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அன்றுமுதல் பல நாடுகள் அந்த நாளில் போரில் இறந்த தம் வீரர்களை நினைவுகூர்கின்றன. ஆகவே இந்த வாரம் நாம் நம் ஊர்க் கல்லறையைத் தாண்டி, நம் நாட்டின் வடகிழக்கு மூலையில் உள்ள ஒரு கல்லறைத் தோட்டத்துக்கு மனத்தால் பயணம் செய்வோம். நாகாலாந்தின் தலைநகரான கோஹிமாவில், ஒரு மலைச்சரிவில் அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது அந்தப் போர்க் கல்லறை.

அதன் அடிவாரத்தில் ஒரு நெடுஞ்சாலை வளைந்து செல்கிறது. மியான்மர் எல்லையிலிருந்து மணிப்பூரின் இம்பால் வழியாகக் கோஹிமாவுக்கு ஏறி, திமாப்பூர் இரயில் நிலையத்துக்கு இறங்கும் சாலை அது. தமிழருக்கும் அந்தச் சாலைக்கும் ஓர் உறவு உண்டு. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை இரங்கூனைப் பிடித்தபோது, பர்மாவில் வாழ்ந்த இந்தியர் இலட்சக்கணக்கில் வீடுவாசலை விட்டுப் புறப்பட்டனர். அவர்களுள் தமிழர் ஏராளம். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் காட்டையும் மலையையும் நடந்தே கடந்தார்கள். வழியில் பசியாலும் காய்ச்சலாலும் காலராவாலும் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். பிழைத்தவர்களில் பெரும் பகுதியினர் இம்பாலுக்கு வந்து, இந்த மலைச்சாலை வழியாகவே திமாப்பூரை அடைந்து இரயில் ஏறினார்கள். பர்மாவிலிருந்து நடந்தே வந்த பாட்டனார் கதை உங்களில் சில குடும்பங்களில் இன்றும் சொல்லப்படலாம். அவர்கள் கால் பதித்த சாலையில்தான் இரண்டு ஆண்டுகள் கழித்து இந்தப் போர் நடந்தது.

1944 மார்ச் மாதத்தில் ஜப்பானியத் தளபதி முத்தாகுச்சி மூன்று படைப்பிரிவுகளைச் சிந்துவின் ஆற்றைக் கடக்கச் செய்தார். இம்பாலைப் பிடிப்பதும், அதற்கு உணவும் குண்டும் வந்துசேரும் ஒரே பெரிய சாலையைக் கோஹிமாவில் அறுப்பதும் அவர் திட்டம். ஏறத்தாழ 15,000 வீரர்களோடு கோஹிமாவை நோக்கி வந்தவர் தளபதி சாத்தோ. அங்கே காவலுக்கு இருந்தவர்களோ ஏறத்தாழ 2,500 பேர். அவர்களிலும் பலர் போர்முனைக்குப் பழகாதவர்கள். பண்டகசாலைப் பணியாளர்களும் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தவர்களும் அதில் அடக்கம்.

சாத்தோவின் படையைச் சில நாள்களாவது தாமதப்படுத்த, அசாம் ரெஜிமென்ட் வீரர்கள் கோஹிமாவுக்குக் கிழக்கே ஜெஸ்ஸாமி, கராசோம் என்னும் மலைக் கிராமங்களில் நிறுத்தப்பட்டார்கள். அந்த ரெஜிமென்ட் தொடங்கப்பட்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. அவர்களில் பலர் அந்த மலைகளிலேயே பிறந்த இளைஞர்கள். கடைசி மனிதர் சாகும்வரை நின்று போரிட வேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட ஆணை. பின்னர் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆனால் கராசோமில் இருந்த இளம் கேப்டன் ஜான் யங்குக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. எதிரிகள் சூழ்ந்துகொண்டார்கள். இனி நின்றால் அத்தனை பேரும் மடிவார்கள் என்று கண்ட அவர், தம் வீரர்களை இரவோடு இரவாகத் தப்பிப் போகச் சொல்லிவிட்டு, தாம் மட்டும் அங்கே தங்கினார். கடைசி மனிதர் வரை என்ற ஆணையைத் தம் ஒருவர் உயிரோடு நிறைவேற்றிவிட்டு, மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பினார். நண்பர்களுக்காக உயிரைக் கொடுப்பதைவிடப் பெரிய அன்பு இல்லை என்று இராவுணவு வேளையில் நம் ஆண்டவர் சீடர்களுக்குச் சொன்னதை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கராசோமில் ஒரு படை அதிகாரி அதைச் செய்து காட்டினார்.

கோஹிமா முற்றுகை 1944 ஏப்ரல் 4 அன்று தொடங்கியது. அது புனித வாரத்தின் செவ்வாய்க்கிழமை. உலகெங்கும் கோவில்களில் ஆண்டவரின் பாடுகள் வாசிக்கப்பட்ட நாள்களில்தான் அந்த மலையில் குண்டு மழை பொழிந்தது. பெரிய வியாழனான ஏப்ரல் 6 அன்று, இம்பாலுக்கு வடக்கே ஒரு குன்றின்மேல், ஜாட் ரெஜிமென்டைச் சேர்ந்த ஜமேதார் அப்துல் ஹபீஸ் காயத்தோடு முன்னேறித் தம் வீரர்களை நடத்திச் சென்று உயிர்விட்டார். உயிர்ப்பு ஞாயிறான ஏப்ரல் 9 அன்று, கோஹிமாவில் லான்ஸ் கார்ப்பரல் ஜான் ஹார்மன், தோழர்களை வதைத்துக்கொண்டிருந்த பதுங்குகுழி ஒன்றைத் தனி ஆளாகத் தாக்கி அழித்துவிட்டுத் திரும்பும் வழியில் குண்டுபட்டு இறந்தார். ஒருவர் இசுலாமியர், மற்றவர் ஆங்கிலேயர். இருவருக்கும் இறந்தபின் விக்டோரியா சிலுவை விருது வழங்கப்பட்டது. ஹார்மன் கோஹிமாவில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அப்துல் ஹபீஸ் இம்பாலில் உள்ள இந்தியப் படையினரின் போர்க் கல்லறையில் துயில்கிறார்.

மலைமேல் இருந்த மாவட்டத் துணை ஆணையரின் பங்களாவும், அதன் டென்னிஸ் திடலும் போரின் நடுக்களமாயின. திடலின் ஒரு பக்கம் ஒரு படை, மறுபக்கம் இன்னொரு படை. பந்து அடித்து விளையாடும் தூரத்தில் நின்று ஒருவர்மேல் ஒருவர் கையெறிகுண்டு வீசினார்கள். குடிநீர் அளந்து கொடுக்கப்பட்டது. காயம்பட்டோர் திறந்தவெளிப் பள்ளங்களில் கிடக்க, அங்கேயே மறுபடியும் குண்டு விழுந்து காயப்பட்டார்கள். ஏப்ரல் 18 அன்று பஞ்சாப் ரெஜிமென்ட் வீரர்கள் மலைக்கு வழி திறந்து வந்துசேர்ந்தார்கள். முற்றுகை தளர்ந்தது, ஆனால் சண்டை மே மாதம் முழுவதும் நீடித்தது. ஜூன் 22 அன்றுதான் கோஹிமாவிலிருந்தும் இம்பாலிலிருந்தும் புறப்பட்ட படைகள் சந்தித்து, சாலை மீண்டும் திறந்தது. கோஹிமாவில் மட்டும் பிரித்தானிய, இந்தியத் தரப்பில் இறந்தோரும் காயமுற்றோரும் காணாமற்போனோருமாக ஏறத்தாழ 4,000 பேர்.

இப்போது கல்லறைத் தோட்டத்துக்குள் செல்வோம். நுழைந்ததும் ஒரு பெருங்கல் நிற்கிறது. நாகா மக்கள் தம் முன்னோரின் நினைவாக நட்டுவைக்கும் கல்லைப் போன்றது அது. அதில் பொறித்த சில சொற்கள், வந்து பார்த்துத் திரும்புகிறவர் தம் ஊரில் இவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றன. மேலே ஏறினால் வரிசை வரிசையாகக் கல்லறைகள், மொத்தம் 1,420. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரே அளவிலான வெண்கலத் தகடு. கேப்டனுக்கும் அதுவே, சமையல்காரருக்கும் அதுவே. இறந்தவரின் பதவியையோ குடும்பத்தின் செல்வத்தையோ பார்த்துக் கல்லறை கட்டுவதில்லை என்பது, 1917-இல் தொடங்கப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் விதி. டென்னிஸ் திடல் இருந்த இடத்தில், அதன் கோடுகள் இன்றும் குறிக்கப்பட்டிருக்க, பெரிய கற்சிலுவை ஒன்று நிற்கிறது. தோட்டத்தின் மிக உயரமான இடத்திலோ, தத்தம் சமய முறைப்படி தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேரின் நினைவுச்சின்னம் இருக்கிறது.

நேயர்களே, இங்கே நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரே அளவுத் தகடு என்பது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் ஒரே திருமுழுக்குத் தண்ணீரில் பிறந்து, ஒரே அப்பத்தை உண்டவர்களின் கல்லறைத் தோட்டத்துக்குள்ளே சாதிக்கு ஒரு பகுதி என்று பிரித்து, நடுவே சுவர் எழுப்பிய ஊர்களும் நம் நாட்டில் உண்டு. குண்டுக்கு முன்னே சமமாய்ச் செத்தவர்களை மண்ணிலும் சமமாய்க் கிடத்த ஓர் அரசாங்க ஆணையத்தால் முடிகிறது. உயிர்ப்பை நம்புகிற நம்மால் முடியாதா?

அந்த ஆணையமும் தன் விதியை எல்லா இடத்திலும் காக்கவில்லை. 2021-ஆம் ஆண்டில் அதுவே ஓர் அறிக்கையை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. முதல் உலகப்போரில் இறந்த ஆப்பிரிக்கர், இந்தியர் உள்ளிட்ட பலர் மற்றவர்களுக்கு நிகராக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேரின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படாமலே போயின. அந்த எண்ணிக்கை 3,50,000 வரையும் இருக்கலாம் என்று அந்த அறிக்கை ஒப்புக்கொண்டது. அவர்களுள் பெரும்பாலோர் சுமை தூக்கியவர்கள், சாலை போட்டவர்கள், குதிரை பார்த்தவர்கள் போன்ற எளியவர்கள். நினைவுச்சின்னம் என்றால் அதில் எழுதியிருக்கும் பெயர்களை மட்டும் வாசிப்பது போதாது என்பது இதனால் விளங்குகிறது. எழுதப்படாத பெயர்கள் யாருடையவை என்றும் கேட்கத் தெரிய வேண்டும்.

கோஹிமாவில் அப்படிக் கேட்டால் மூன்று கூட்டத்தார் நம் கண்முன் வருவார்கள்.

முதலாவது, அந்த மண்ணுக்குரிய நாகா மக்கள். போர் அவர்கள் கேட்டு வந்ததன்று. அவர்கள் வயலும் வீடும் எரிந்தன. ஆனாலும் குண்டு பறக்கும் சரிவுகளில் காயப்பட்டோரைத் தூக்குக்கட்டிலில் சுமந்தார்கள். தண்ணீரும் தோட்டாவும் தூக்கிச் சென்றார்கள். காட்டு வழி காட்டினார்கள். அவர்களுள் பலரின் பெயர் எந்தத் தகட்டிலும் இல்லை.

இரண்டாவது, எதிர்ப்பக்கம் நின்ற இந்தியர். சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய இராணுவம் ஜப்பானியரோடு சேர்ந்து இந்த எல்லைக்கு வந்தது. மணிப்பூரின் மொய்ராங்கில் 1944 ஏப்ரல் 14 அன்று அது தன் கொடியை ஏற்றியது. மலாயாவின் இரப்பர் தோட்டங்களில் உழைத்த தமிழர் பலர் அந்த இராணுவத்தில் சேர்ந்திருந்தனர். நாட்டின் விடுதலைக்காக என்று நம்பி அவர்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். கடமை என்றும், குடும்பத்தின் பிழைப்பு என்றும் சொல்லி எதிர்ப்பக்கத்து இந்தியரும் ஏந்தினார்கள். இரண்டு பக்கத்திலும் வழியனுப்பிவிட்டுக் காத்திருந்தவர்கள் இந்தியத் தாய்மார்கள்.

மூன்றாவது, ஜப்பானிய வீரர்கள். ஏறத்தாழ மூன்று வாரத்துக்கான உணவோடு அவர்கள் அனுப்பப்பட்டார்கள். அதற்குள் எதிரியின் பண்டகசாலையைப் பிடித்து உண்ணலாம் என்பது மேலிடத்தின் கணக்கு. கணக்குத் தப்பியது. அரிசியும் வரவில்லை, தோட்டாவும் வரவில்லை. தம் ஆட்கள் பட்டினியில் சாவதைப் பார்த்த சாத்தோ, மேலிடத்து ஆணையை மீறிப் பின்வாங்கினார். அதற்காகப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். இம்பால், கோஹிமா படையெடுப்பில் இறந்த ஜப்பானியர் ஏறத்தாழ 30,000 பேர். அவர்களுள் மிகப் பலரைக் கொன்றவை பசியும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும். மழைக்காலத்தில் பர்மாவுக்குத் திரும்பும் வழியெங்கும் அவர்கள் விழுந்து கிடந்தார்கள்.

இவர்கள் எல்லாருக்காகவும் மன்றாடலாமா? எதிரிக்காகவும், ஆக்கிரமிக்க வந்தவனுக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாமா? விவிலியம் இதற்கு விடை வைத்திருக்கிறது. இறந்தோருக்காக மன்றாடுவதற்கு நாம் வழக்கமாகச் சுட்டிக்காட்டும் பகுதி மக்கபேயர் இரண்டாம் நூலின் 12-ஆம் அதிகாரம். அந்த நிகழ்ச்சி நடந்த இடம் ஒரு போர்க்களம் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். போரில் மடிந்த தம் வீரர்களை அடக்கம் செய்ய யூதா மக்கபே வருகிறார். உடல்களைத் தூக்கும்போது, ஒவ்வொருவரின் ஆடைக்கடியிலும் வேற்றுத் தெய்வங்களின் தாயத்துகள் இருப்பது தெரிகிறது. திருச்சட்டத்துக்கு அது முற்றிலும் விரோதம். யூதா அவர்களை அப்படியே விட்டுவிட்டுப் போகவில்லை. எல்லாரும் மன்றாடினார்கள். வீரர்களிடம் வெள்ளிக்காசுகளைத் திரட்டி, இறந்தவர்களின் பாவத்துக்காகப் பலி ஒப்புக்கொடுக்கும்படி எருசலேமுக்கு அனுப்பினார். உயிர்த்தெழுதலை நம்பியதால்தான் அப்படிச் செய்தார் என்று அந்த நூல் கூறுகிறது.

குற்றமற்ற வீரர்களுக்காக மட்டும் மன்றாட வேண்டும் என்றால், யூதாவின் காணிக்கைக்கு வேலையே இல்லை. படைவீரரின் தியாகத்தைப் போற்றுகிறோம் என்னும்போது அவர் செய்த ஒவ்வொன்றையும் சரி என்று நாம் சொல்வதில்லை. அவரை அனுப்பிய ஆட்சியாளரின் கணக்குகளையும் ஆசீர்வதிப்பதில்லை. அவர் கொடுத்ததை நன்றியோடு ஏற்கிறோம். மற்றதை இறைவனின் இரக்கத்தில் வைக்கிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறது. நாட்டுப் பணியில் நேர்மையோடு கடமையாற்றும் படைவீரர்கள் அமைதிக்கு உண்மையாகவே துணை செய்கிறார்கள் என்கிறது. நகரங்களை மக்களோடு சேர்த்து அழிக்கும் போரைக் கடவுளுக்கும் மனிதருக்கும் எதிரான குற்றம் என்று கண்டிக்கவும் செய்கிறது. நம் ஊர்க் கோவில்களில் அம்பு தைத்த உடலோடு நிற்கும் புனித செபஸ்தியாரும் படைவீரராக இருந்தவர்தான். படைவீரருக்கு நம் பீடத்தருகே என்றும் இடம் உண்டு, போருக்கு இல்லை.

இந்த மனநிலை கோஹிமாவில் ஒரு கட்டடமாகவே எழுந்து நிற்கிறது. போர்க் கல்லறையிலிருந்து சற்றுத் தொலைவில், அரதூரா மலையின்மேல், கிறிஸ்தவர்களின் சகாயமான அன்னை மரியா பேராலயம் உள்ளது. நாகா வீட்டின் முகப்பைப் போன்ற அமைப்புடைய அந்தப் பேராலயம் எழுவதற்கு, அந்தப் போரில் இறந்த ஜப்பானிய வீரர்களின் குடும்பத்தார் காணிக்கை அனுப்பினார்கள். தம் மகன்கள் எந்த மண்ணை அழித்தார்களோ, அந்த மண்ணில் இறைவேண்டல் எழ வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். அந்த மண்ணின் மக்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். கொடுத்தவர்களுக்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டுமோ, ஏற்றவர்களுக்கும் அவ்வளவு வேண்டும். யூதா மக்கபே எருசலேமுக்கு அனுப்பிய வெள்ளிக்காசுகளோடு இந்தக் காணிக்கையையும் சேர்த்து நினைக்கத் தோன்றுகிறது.

நாம் எல்லாரும் கோஹிமாவுக்குப் போக முடியாது. சென்னை நந்தம்பாக்கத்திலும் ஒரு போர்க் கல்லறை இருக்கிறது. தென்னிந்தியாவில் பராமரிக்க ஆளின்றிப் பல இடங்களில் கிடந்த போர் வீரர்களின் கல்லறைகளை ஒன்றுசேர்க்க 1952-இல் அமைக்கப்பட்டது. சென்னைக்குப் போகும் குடும்பங்கள் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லலாம். படம் எடுப்பதோடு நிற்காமல், ஒரு வரிசையிலாவது உள்ள பெயர்களையும் வயதையும் பிள்ளைகள் வாய்விட்டு வாசிக்கட்டும். இருபது, இருபத்திரண்டு என்ற வயதுகளை அவர்கள் வாசிக்கும்போது போர் என்றால் என்ன என்பதை நாம் தனியே விளக்க வேண்டியதில்லை.

அதைவிட அருகிலும் ஒரு வேலை இருக்கிறது. நம் பங்கில் படையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள். எல்லையில் கணவரை இழந்த பெண்கள் இருக்கிறார்கள். விழா நாளில் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். மறுநாள் ஓய்வூதியத் தாளோடு அவர்கள் தனியே அலைகிறார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு முதியவரோடு துணைக்குப் போய் வருவதும், மனு எழுதிக் கொடுப்பதும் நினைவஞ்சலிதான். டிசம்பர் 7 கொடி நாள். அன்று திரட்டப்படும் நிதி முன்னாள் படைவீரர்கள், போரில் கணவரை இழந்தோர், அவர்களுடைய பிள்ளைகள் ஆகியோரின் நலனுக்கே செல்கிறது. சட்டையில் குத்தும் அந்தச் சிறு கொடிக்கு மனமுவந்து கொடுப்போம். சாயங்காலம் அவர்கள் வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதையும் கேட்போம்.

இந்த நவம்பரில் இறந்தோர் பட்டியலில் ஒரு பக்கத்தைப் போரில் இறந்தவர்களுக்காக ஒதுக்குவோம். உங்கள் குடும்பத்தில் எந்தப் படையிலாவது இருந்து இறந்தவர், பர்மாவிலிருந்து வரும் வழியில் இறந்தவர், சயாம் மரண இரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாதவர் யாரேனும் இருந்தால், அவர் பெயரை எழுதிக் கொடுங்கள். இறந்த நாளும் இடமும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பெயர் போதும். பெயரும் மறந்துபோயிருந்தால், பாட்டியின் அண்ணன் என்று எழுதுங்கள். அடையாளம் தெரியாத வீரரின் கல்லறையில், அவரைக் கடவுள் அறிவார் என்று பொறிப்பது போர்க் கல்லறைகளின் வழக்கம். அந்த நம்பிக்கையோடு பீடத்தில் வாசிப்போம்.

மன்றாடுவோமாக. எங்களைப் பெயர் சொல்லி அழைக்கும் இறைவா, கோஹிமா மலையிலும் உலகின் எல்லாப் போர்க்களங்களிலும் விழுந்தவர்களை உம் இரக்கத்தில் ஏற்றுக்கொள்ளும். கல்லில் பெயருள்ளோரையும் பெயரில்லாதோரையும், எங்கள் பக்கம் நின்றோரையும் எதிரே நின்றோரையும் உம் இல்லத்தில் ஒன்றுசேரும். காயத்தோடும் நினைவோடும் எங்கள் நடுவே வாழும் வீரர்களுக்கு ஆறுதலும், அவர்களைத் தேடிச் செல்லும் மனத்தை எங்களுக்கும் தாரும். எங்கள் பிள்ளைகளின் பெயர்கள் இனி எந்தப் போர் நினைவுச்சின்னத்திலும் பொறிக்கப்படாத அமைதியை எங்களுக்கு அருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.